ஆறு தூண்டிலும் ஒரு கண்மாயும்

2024-ஆம் வருஷம் விஜயதசமியன்று, என்னிடம் இருந்த ஆறு தூண்டில்களில் ஐந்தை விற்றுவிட்டேன். அவற்றோடு நான்கு ரீல்கள், ஏழு சுருள் நூல், நானூறுக்குக் குறையாத பொய்ப்பூச்சிகள், அவற்றை அடுக்கி வைக்கும் டப்பாக்கள், இடுப்பளவு தண்ணீரில் நின்று மீன் பிடிப்பதற்கென்றே தைத்த ரப்பர்க் கால்சட்டை ஒன்று, எல்லாம் போயின. செய்தி தெரிந்ததும் நண்பர்கள் துக்கம் விசாரிக்க வருவதுபோல் ஒவ்வொருவராக வந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, இப்படிப் பண்ணிட்டீக? ஆசை ஆசையாச் சேர்த்ததாச்சே!" என்றார் ஒருவர். பாங்கில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். "வித்ததுலே எவ்வளவு நஷ்டம்?" என்று மட்டும் கேட்டார் இன்னொருவர். மூன்றாமவர் ஒன்றும் கேட்கவில்லை. காலியாக இருந்த பரணை நிமிர்ந்து பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுக் காப்பி குடித்தார்.

இவர்களுக்கெல்லாம் அன்றைக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். எழுதுவது அவர்களுக்கு மட்டுமல்ல. தமிழ்நாட்டில் நடுத்தரக் குடும்பத்து வீடுகளில் பரண் இல்லாத வீடு எது? அந்தப் பரணில் ஒரு தூண்டிலோ, வீணையோ, தையல் மெஷினோ, ஓவியப் பெட்டியோ தூங்காத வீடு எது? ஆகவே, வாசகர்களும் கொஞ்சம் கோபித்துக்கொள்ளத் தயாராக இருப்பது நல்லது.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

நான் கரிசல்காட்டுக்காரன். கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம் சாலையை விட்டு இறங்கி மண்பாதையில் போனால் வருகிற ஊர். பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைகிற கறுப்பு மண். மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது; கோடையில் பாளம் பாளமாக வெடித்து, கையை நுழைத்தால் முழங்கை வரை போகும். வற்றாத ஆறு என்று ஒன்று இந்தப் பக்கத்தில் கிடையாது. வைப்பாறு இருக்கிறது, அதில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க ஜனங்கள் வேலையை விட்டுவிட்டுப் போவார்கள். கோவில்பட்டி நகரத்து மனிதன் குடிக்கிற தண்ணீரே சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து எடுத்துக் குழாய் வழியே வந்து சேர வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் 'ஃப்ளை ஃபிஷிங்' சாமான் சேர்த்தேன்! ரப்பர்க் கால்சட்டையைப் பார்த்துவிட்டு என் வீட்டில் வேலைக்கு வரும் அம்மாள், "இது கெணத்துலே தூர் எடுக்கதுக்கா?" என்று கேட்டாள். அந்தக் கால்சட்டைக்குக் கிடைத்த ஒரே உருப்படியான யோசனை அதுதான்.

'ஃப்ளை ஃபிஷிங்' என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. நம் ஊர்த் தூண்டிலில் கம்பு, நரம்பு, தக்கை, முள், முள்ளில் மண்புழு, அவ்வளவுதான். இது வேறு ஜாதி. முள்ளில் இறகையும் ரோமத்தையும் நூலையும் கட்டி ஒரு பூச்சியைப்போல் செய்துவிடுகிறார்கள். அந்தப் பொய்ப்பூச்சிக்குக் கனமே கிடையாது. கனமில்லாததைத் தூர வீச முடியாது. ஆகவே நூலையே கனமாகச் செய்திருக்கிறார்கள். கம்பை முன்னும் பின்னும் ஆட்ட, நூல் தலைக்குமேல் சாட்டைபோல் விரிந்து, தன் கனத்தால் தானே பறந்து போய், கடைசியில் பூச்சியை நீரின்மேல் மெல்ல இறக்குகிறது. நூலின் முதல் முப்பதடி என்ன எடையோ அதைக் கொண்டு அதற்கு நம்பர் கொடுக்கிறார்கள். நூலின் நம்பருக்குத் தக்கபடி கம்பு, கம்புக்குத் தக்கபடி ரீல். நாலாம் நம்பர் வாங்கினால் ஆறாம் நம்பர் இல்லையே என்று மனசு குறைப்படும். ஆறு வந்ததும் எட்டு கூப்பிடும். வியாபாரியின் பிள்ளைகுட்டிகள் பிழைக்க வேண்டாமா?

அழகான கலை, சந்தேகமே இல்லை. சென்னையில் உத்தியோகம் பார்த்த நாளில் ஒரு நண்பர் நீலகிரிக்கு அழைத்துப் போய், பனிக்காற்றில் நின்று எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தார். ட்ரவுட் என்ற மீன் குளிர்ந்த தண்ணீரில்தான் ஜீவித்திருக்கும். வெள்ளைக்காரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை நீலகிரியில் நிலைபெறச் செய்து, அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கப் பண்ணையும் அமைத்தார்கள். அன்று எனக்கு ஒரு மீனும் அகப்படவில்லை. வியாதி மட்டும் பிடித்துக்கொண்டது.

பன்னிரண்டு வருஷம் சாமான் சேர்த்தேன். சேர்க்கச் சேர்க்க அறிவும் பெருகிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிளந்த மூங்கிலை ஒட்டிச் செய்த உயர்ந்த கம்புகளுக்குக் கல்கத்தாவிலிருந்து போன நம் நாட்டு மூங்கிலே மூலப்பொருளாக இருந்தது, சீனத்து மூங்கில் வந்துதான் அதைத் தள்ளிற்று என்று எனக்குத் தெரியும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகில் மெழுகுத் துளி சொட்டினாற்போல் ஒரு புள்ளி இருக்கும். அந்த இறகைச் சீமைப் பிரபுக்கள் சால்மன் மீனுக்கான பூச்சிகளில் கட்டினார்கள், அதற்காக இங்கே அந்தப் பறவை கணக்கில்லாமல் கொல்லப்பட்டது, பிறகுதான் தடை வந்தது என்றும் தெரியும். ஐசக் வால்டன் தமது தூண்டில் புத்தகத்தை 1653-இல் வெளியிட்டார், 1676-ஆம் வருஷத்துப் பதிப்பில் சார்லஸ் காட்டன் என்ற நண்பர்தான் பொய்ப்பூச்சிப் பகுதியைச் சேர்த்தார், அந்தக் காலத்தில் குதிரைமயிரைத் திரித்துத்தான் நூல் என்றும் தெரியும். கேட்டால் இரண்டு மணி நேரம் பேசுவேன். என் வீட்டுக்கு வந்தவர்கள் கேட்காமலே கேட்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்த நான் ஏழு வருஷமாக ஒரு மீன் பிடிக்கவில்லை. ஒரு தரம்கூடக் கரையில் போய் நிற்கவில்லை. இதுதான் குற்றம்.

இதற்குச் சாட்சி என் தாய்மாமன். எட்டு வயசில் எனக்குத் தூண்டில் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர். மூங்கில் கம்பு, சோளத்தட்டையின் நெட்டியைச் சீவித் தக்கை, வாய்க்காலோரம் கிண்டிய மண்புழு, கொட்டாங்கச்சியில். மொத்தச் செலவு முள்ளுக்குக் கொடுத்த காசு. உத்தியோகம் ஓய்ந்து நான் கோவில்பட்டிக்கே குடிவந்தபோது அவருக்கு எழுபத்தெட்டு வயசு. ஆனாலும் சைக்கிளை உருட்டிக்கொண்டு கண்மாய்க்குப் போகிற மனுஷர்.

2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தெற்கே மழை எப்படிக் கொட்டிற்று என்பது நாடே அறிந்த விஷயம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் பக்கத்திலும் ஓடையெல்லாம் ஆறாயிற்று. பல கண்மாய்கள் உடைந்தன. எங்கள் ஊர்க் கண்மாய் எப்படியோ தாக்குப் பிடித்து மறுகால் பாய்ந்தது. ஊர்ச் சேதத்தையெல்லாம் பார்த்துப் பார்த்து ஓய்ந்து, பொங்கல் கழிந்ததும் மாமா ஆள் சொல்லி அனுப்பினார்: "கம்மாய் பெருகிக் கெடக்கு மாப்ளே. மண்ணு அடங்கித் தண்ணி தெளிய ஆரம்பிச்சிருக்கு. வாரியா?"

நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? "வாரேன் மாமா. இந்தத் தண்ணிக்குத் தோதான நூல் ஒண்ணு எழுதிப் போட்டிருக்கேன். வந்ததும் வாரேன்."

அது பொய்யல்ல. குளிர்நாட்டுக்கென்று செய்த நூல் நம் வெயிலில் பிசுபிசுத்துப் போகும். வெப்ப நாட்டுக்கென்று தனியாக ஒரு நூல் இருக்கிறது என்று படித்திருந்தேன். எழுதிப் போட்டேன். மாசி மாதம் மறுபடி சொல்லி அனுப்பினார். நூல் வந்திருந்தது, அந்த நூலின் கனத்துக்கு என் ரீல் சிறியதாகத் தோன்றியது. ரீலுக்கு எழுதினேன். பங்குனியில் அவரே வந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து, "தண்ணி நடுக் கெடங்குக்குப் போயிருச்சு மாப்ளே. இன்னும் பத்து நா தாங்கும்" என்றார். நான் அப்பொழுது ஒரு கம்பின் தக்கைப் பிடியை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார். எடை பார்த்தார். ஒரு தரம் காற்றில் ஆட்டிப் பார்த்தார். "நல்ல சாமான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சித்திரையில் ரீல் வந்தது. வைகாசியில் கண்மாய்க்குப் போனேன். கரம்பை மண் வெடித்துக் கிடந்தது. நடுக்கிடங்கில் ஆடு மேய்ந்தது.

அந்தக் கோடையில் மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது. புரையை எடுத்தும் ஒரு கண் தேறவில்லை. மற்றதில் எதிரே நிற்பது ஆணா பெண்ணா என்று மட்டும் தெரியும். தண்ணீரில் மிதக்கும் நெட்டித்தக்கை இனி அவருக்குத் தெரியாது. தக்கை தெரிந்த கடைசி வருஷத்தில், கண்மாய் நிரம்பிய அந்த அபூர்வ வருஷத்தில், நான் ரீலுக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்பொழுது நண்பர்களின் கேள்விகளுக்கு வருகிறேன்.

முதல் கேள்வி: 'இருந்துவிட்டுப் போகட்டுமே, என்றைக்காவது உதவாதா?' இந்த 'என்றைக்காவது' என்கிற வார்த்தையைப்போல் மோசக்கார வார்த்தை தமிழில் இல்லை. பஞ்சாங்கத்தில் ராகுகாலம் இருக்கிறது, எமகண்டம் இருக்கிறது. 'என்றைக்காவது' என்று ஒரு நாள் கிடையாது. அது வருமென்று சாமான் காத்திருக்குமா? பரணில் என் பொய்ப்பூச்சிகளின் கதி என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். ஒரு டப்பாவைத் திறந்தேன். உள்ளே வரிசை வரிசையாக வெறும் முள். அடியில் ஒரு சிட்டிகைத் தூள். இறகையும் ரோமத்தையும் அரிக்கிற சின்ன வண்டு புகுந்துவிட்டது. பொய்ப்பூச்சிகளை மெய்ப்பூச்சி தின்றுவிட்டது! மீனுக்கென்று வைத்த பொருள் உபயோகப்படாவிட்டால் வண்டுக்கு உபயோகப்படும். உலகத்தில் எதுவும் வீணாவதில்லை. நாம் மட்டுந்தான் வீணாகிறோம்.

இரண்டாவது கேள்வி: 'எவ்வளவு நஷ்டம்?' கணக்கு இதோ. வாங்கியது பன்னிரண்டு வருஷத்தில் ஏறக்குறைய ஒரு லட்சத்துப் பத்தாயிரம். விற்றது முப்பத்தெட்டாயிரம். மிச்சம் எழுபத்திரண்டாயிரத்தை நான் விற்ற அன்று தொலைத்தேன் என்று நண்பர் நினைக்கிறார். அன்று தொலையவில்லை ஐயா! வாங்கிக் கொண்டுவந்து பரணில் ஏற்றின அன்றே தொலைந்தது. பணம் போன பிறகும் சாமான் கண்ணெதிரே இருந்ததால் போனது தெரியவில்லை. அந்த முப்பத்தெட்டாயிரம் எனக்கு வந்த லாபம்.

மூன்றாவது கேள்வி கொஞ்சம் கௌரவமானது: 'பிள்ளைக்கு வைத்துவிட்டுப் போகலாமே?' வைக்கலாம். மாமா எனக்கு வைத்த சொத்து என்ன? அந்த மூங்கில் கம்பு நான் பிடித்த இரண்டாவது நாளே ஒரு விரால் இழுத்து முறிந்து போயிற்று. அவர் கொடுத்தது, தக்கை ஆடினவுடன் இழுக்காதே, அது கெண்டை கொறிக்கிறது, தக்கை முழுகினால் இழு என்று என் மணிக்கட்டைப் பிடித்துச் சொன்ன அந்த ஒரு நிமிஷம். கெளுத்தியை வாயோரம் பிடிக்கத் தெரியாமல் முள் குத்தி அன்று ராத்திரி முழுக்க அழுதது இன்னொரு சொத்து. இவற்றைப் பரணில் வைத்துக் கொடுக்க வழியில்லை. பிள்ளையைக் கரைக்குக் கூட்டிப் போய்த்தான் கொடுக்க வேண்டும். அதற்கு நாம் முதலில் போக வேண்டும்.

நாலாவது கேள்வியைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். நியாயம் அதற்குள்ளே இருப்பதாக நம்புகிறார்கள். 'அவன் பணம், அவன் ஆசை, வாங்கி அடுக்கிக்கொள்கிறான். திருடினானா, குடித்தானா? இதனால் யாருக்கு என்ன கெடுதல்?'

கெடுதல் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

தூண்டில் சேர்க்கிறவனுக்குப் பரண் போதும், தண்ணீர் வேண்டாம். மீன் பிடிக்கிறவனுக்குத் தண்ணீர் வேண்டும். இந்த வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். ஊர் பிழைப்பதும் கெடுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

ஹென்ரி சல்லிவன் தாமஸ் என்று ஒரு வெள்ளைக்காரர், சென்னை ராஜதானியில் கலெக்டராக இருந்தவர். தூண்டில் பைத்தியம். 1873-இல் இந்தியாவில் தூண்டில் பிடிப்பதைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். 1887-இல் குளம் குட்டைகளில் பிடிப்பதற்கென்றே இன்னொன்று எழுதினார். அந்நிய சர்க்காரின் கலெக்டரை நான் கும்பிடச் சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர் கரையில் நின்றார். நின்றதால், பொடிக் குஞ்சுகளைக்கூட விடாமல் வாரும் பொறிகளையும், ஆற்றில் விஷம் கலந்து மீனை மிதக்க விடும் வழக்கத்தையும் கண்ணால் கண்டார். கண்டதால், அப்பொழுது சென்னை ராஜதானியில் சேர்ந்திருந்த தென் கன்னட ஜில்லாவின் மீன்வளத்தைப் பற்றி 1870-லேயே சர்க்காருக்கு அறிக்கை எழுதினார். அப்படிப்பட்ட எச்சரிக்கைகள் எழுந்து இருபது வருஷத்துக்கும் மேலான பிறகு, 1897-இல், வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீனைக் கொல்லக் கூடாது என்று இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. கம்புகளைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்து அழகு பார்த்தவராக அவர் இருந்திருந்தால் ஆற்றில் விஷம் கலந்தது அவருக்குத் தெரிந்திராது.

எனக்கு என்ன தெரிந்திருந்தது? கல்கத்தா மூங்கில் தெரியும். என் ஊர்க் கண்மாயின் வரத்துக்கால் எந்த இடத்தில் தூர்ந்து கிடக்கிறது என்று தெரியாது. காட்டுக்கோழி இறகு தெரியும். மடைக்கு உள்பக்கம் சீமைக்கருவேல் எவ்வளவு தூரம் இறங்கிவிட்டது என்று தெரியாது. 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டு ஜில்லா ஜில்லாவாக அந்த மரத்தை வெட்டினார்கள். வேரோடு எடுக்காத இடத்திலெல்லாம் மறுபடி துளிர்த்துவிட்டது. எங்கள் கண்மாயில் துளிர்த்ததை யார் பார்த்தார்கள்? ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்தார்கள். மாமா பார்த்தார். படித்தவனும், பத்திரிகையில் எழுதுகிறவனும், அதிகாரிக்கு மனு எழுதத் தெரிந்தவனுமான நான் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

முன் காலத்தில் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து கண்மாயைச் சீர் செய்ய வேண்டும். அன்றைக்கு ஒவ்வொருவனுக்கும் அந்தத் தண்ணீரில் காரியம் இருந்தது. வயலுக்கு வேண்டும், மாட்டுக்கு வேண்டும், துணி துவைக்க வேண்டும், மீனுக்கு வேண்டும். ஒவ்வொரு காரியமாக நாம் தண்ணீரை விட்டு வீட்டுக்குள் வந்துவிட்டோம். பொழுதுபோக்கு ஒன்றாவது நம்மை மறுபடி கரைக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். அதையும் பார்சலில் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். நாமும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டோம்.

இதை விற்கிறவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கடைக்காரர் கம்பை விற்றார். மீன் பிடிக்காதே என்று சொல்லி விற்கவில்லை. கோபமெல்லாம், வாங்கினதையே செய்ததாக எண்ணிக்கொண்ட என்மேல்தான், என்னைப்போன்ற உங்கள்மேலும்தான். பெண்ணுக்கு வீணை வாங்கிக் கொடுத்த அன்றே அவள் பாதி வித்வாம்சினி ஆகிவிட்டதாக நாம் பூரிக்கவில்லையா? வீணைக்கு வெல்வெட்டில் உறை தைத்துப் போட்டோமே, அந்த உறையைக் கடைசியாகக் கழற்றியது எப்பொழுது? எனக்கு வரும் கடிதங்களில் வாரத்துக்கு ஒருவராவது, 'எந்தப் பேனாவில் எழுதுகிறீர்கள்?' என்று கேட்கிறார். கதை எழுத ஆசைப்படுகிற இளைஞர் அவர். எந்தப் பேனாவானாலும் அடைத்துக்கொள்ளும் தம்பி. காலையில் எத்தனை மணிக்கு உட்காருகிறீர்கள் என்று கேளும்!

நல்ல கருவி வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தச்சருக்கு நல்ல உளி வேண்டும். ஆனால் தச்சரின் உளியைப் பாருங்கள். கைப்பிடியில் அவருடைய கட்டைவிரல் பள்ளம் பறித்திருக்கும். தீட்டித் தீட்டி நீளம் குறைந்திருக்கும். ஆயுத பூஜையன்று அதைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து அடுக்குகிறார். அன்று ஒரு நாள் அதைத் தொடுவதில்லை. மறுநாள் விஜயதசமி, எடுத்து வேலையைத் தொடங்கிவிடுகிறார். பூஜைக்கு அர்த்தமே அந்த மறுநாளில்தான் இருக்கிறது. என் வீட்டிலும் வருஷா வருஷம் ஆறு கம்புகளுக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். அவற்றுக்கு ஆயுத பூஜை வந்தது, விஜயதசமி வரவேயில்லை. 2024-இல் பொட்டு வைக்கும்போது என் மனைவி கேட்டாள்: "போன வருஷத்துப் பொட்டே அழியலையே, அது மேலேயே வைக்கவா?" பேசாமல் இருந்தேன். மறுநாள் காலையில் கம்புகளைத் திண்ணைக்கு எடுத்து வந்தேன்.

விற்பதற்கு ஒரு நிபந்தனை வைத்தேன். வாங்க வருகிறவர் என்ன விலை என்று கேட்குமுன், இதை எந்தத் தண்ணீருக்குக் கொண்டுபோகப் போகிறார் என்று பெயர் சொல்ல வேண்டும். ஒருவர் நீலகிரிக்கு அனுமதி வாங்கிக்கொண்டு போகிறவர். ஓடையின் பெயரைச் சொன்னார், இரண்டு கம்பு கொடுத்தேன். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்த ஒரு பையன் தாமிரபரணியில் தான் நிற்கிற படித்துறையைச் சொன்னான்; அவனுக்கு விலையில் பாதி. ஒருவர் காரில் வந்து எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். "இப்போதைக்கு வாங்கி வெச்சிருக்கலாம்னுதான்..." என்று இழுத்தார். அவரைக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவரைப் பார்த்தபோது கண்ணாடியில் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

ஆறாவது கம்பு மிச்சம். எல்லாவற்றிலும் மலிவானது, முதன்முதலில் வாங்கியது. அதற்கு எந்தத் தண்ணீர் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

அந்த வருஷமும் மழை ஏமாற்றவில்லை. தை பிறந்து தண்ணீர் தெளிந்ததும் மாமாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கண்மாய்க்குப் போனேன். மீன்பாசிக் குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டு கரைமேல் ஏறி, கம்பைப் பின்னால் ஓங்கினேன். முள் போய்ச் சீமைக்கருவேலில் மாட்டிக்கொண்டது! இந்தத் தூண்டிலுக்கு முன்னால் தண்ணீர் இருந்தால் போதாது, பின்னால் வெட்டவெளியும் வேண்டும். மூன்று தரம் ஓங்கினேன். மூன்று தரமும் மரத்தைத்தான் பிடித்தேன். மாமா சத்தத்தை வைத்தே புரிந்துகொண்டு சிரித்தார். "நாளைக்கு அருவா கொண்டாந்துரு மாப்ளே" என்றார்.

மறுநாள் அரிவாளும் கடப்பாரையுமாகப் போய்க் கரையில் இருபதடி அகலம் வேரோடு எடுத்தேன். உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. எதற்கு வெட்டுகிறேன் என்று கேட்ட இரண்டு பையன்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். அப்பொழுதுதான் வரத்துக்காலில் மண் மேவியிருப்பதைக் கண்டேன். அதற்கான மனு இப்பொழுது என் மேஜைமேல் பாதி எழுதியபடி இருக்கிறது. இந்தக் கட்டுரையை முடித்ததும் அதை முடிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் பொய்ப்பூச்சி ஒரு வழியாகத் தண்ணீரில் இறங்கிற்று. இந்தத் தூண்டிலில் தக்கை கிடையாது. கம்பை மாமாவின் கையில் கொடுத்து, நூலை அவருடைய ஆள்காட்டி விரலின்மேல் ஓடவிட்டேன். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அவர் முகம் மாறிற்று. "கெண்டை" என்றார். இழுத்தோம். விரல் நீளம்தான் இருக்கும், கெண்டைதான். தண்ணீரில் விட்டுவிட்டோம்.

ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு இதுதான் கண்ட பலனா என்று பாங்குக்கார நண்பர் கேட்பார். இல்லை, மற்ற ஐந்து கம்பும் போன பிறகு கண்ட பலன்.

உங்கள் பரணில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். எடுத்து வேலை வாங்க முடிந்ததை இன்றைக்கே இறக்குங்கள். முடியாததை, அதற்கு வேலை கொடுக்கிறவன் எவனோ அவனுக்கு விற்றுவிடுங்கள். பணம் இல்லாதவனாக இருந்தால் சும்மா கொடுங்கள். என்னிடம் இன்னும் ஒரு ரீல் விற்காமல் இருக்கிறது. சித்திரையில் வந்ததே, அந்த ரீல். வேண்டுமென்கிறவர்கள் வரலாம். விலை அப்புறம் பேசிக்கொள்ளலாம்; தண்ணீரின் பெயரை முதலில் சொல்ல வேண்டும்.